தெருமுனையில் ஒரு முதல் பட்டதாரி

ஜூன் 11, புதன்

சிமெண்டு கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி இது. இதுவரை மாவுக் கணக்குதான் எழுதி வந்தேன். இன்றிலிருந்து மற்றதையும் எழுதலாம் என்று இருக்கிறேன். யாரும் புரட்டப் போவதில்லை. சந்தனமாரியின் டைரியில் இட்லி மாவைத் தவிர வேறு என்ன இருந்துவிடப் போகிறது?

சுபாவுக்குப் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிந்தாயிற்று. இவர் சிமெண்டு மூட்டை ஏற்றக் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் மகளின் மார்க்கைச் சொல்லிவிட்டு வருகிறார். அருப்புக்கோட்டையில் இனிமேல் அந்த மார்க் தெரியாதவன் காது கேளாதவனாகத்தான் இருக்க வேண்டும்.

மார்க் இருக்கிறது, பணம்தான் இல்லை. படிப்பு, விடுதி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சம் ஆகுமாம். வங்கியில் கல்விக் கடன் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சலுகை இருக்கிறது. குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்று சான்றிதழ் வாங்கினால், முதல் பட்டதாரி என்று அரசாங்கம் வருஷத்துக்கு இருபத்தைந்தாயிரம் தள்ளுபடி செய்யும். நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம்.

"நமக்குக் கண்ண மூடிக்கிட்டுக் குடுப்பாய்ங்க" என்றார் இவர். "எங்கப்பா கைநாட்டு. நான் பத்தாவது பெயிலு. ஒங்கம்மா பத்தாவது பாஸு. நம்ம பரம்பரையில காலேஜுக்குள்ள போன ஒரே ஆளு நாந்தேன், அதுவும் சிமெண்டு எறக்க."

சுபா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உளுந்து கழுவிக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேல் இரண்டு தண்ணீர் கழுவிவிட்டேன் போலிருக்கிறது, மாவு இன்று அளவு காணவில்லை.

ஜூன் 14

இ-சேவை மையத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். குடும்பத்தில் எவரும் பட்டதாரி இல்லை என்று உறுதிமொழிப் படிவம். சுபா விரலால் இடத்தைக் காட்டினாள்.

"இங்கன போடும்மா. ஒனக்குப் புரியாது, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

போட்டேன். பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன் என்று மறுபடி ஒரு தாளில் போடச் சொன்னாள். மையத்தில் சத்தம் அதிகம்.

ஜூன் 24, செவ்வாய்

கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். சின்ன வயதுதான், வெயிலில் வந்து களைத்துப் போயிருந்தார். மோர் கொடுத்தேன். பக்கத்து வீடுகளில் இரண்டு பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, கடைசியில் எங்களிடம் வந்தார்.

"வீட்ல யாரும் டிகிரி முடிச்சவங்க இல்லையே?"

"எங்கன சார்" என்று இவர் கையை விரித்தார்.

"நீங்கம்மா?"

"இல்ல சார்" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டே சொல். மோர் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

ஜூன் 25

மாவு பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிந்து கிடந்தது. மூடி சரியாக வைக்கவில்லை.

ஜூலை 3

சான்றிதழ் வந்துவிட்டது. இவர் அதைச் செல்போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டிருக்கிறார். எழுத்து ஒன்றும் தெரியவில்லை, கோபுர முத்திரை மட்டும் தெரிகிறது. அது போதுமாம்.

வங்கிக்கும் போனோம். கடன் கொடுக்கச் சொல்லி மேலேயிருந்து ஆயிரம் விளம்பரம் வருகிறது. இங்கே வந்தால் "சீட் கிடைச்ச பிறகு வாங்க" என்கிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்.

ஜூலை 17, வியாழன். ஆடி முதல் நாள்

எதிர்வீட்டுப் புதுப்பெண்ணை அவள் அம்மா வந்து அழைத்துப் போனாள். தலை ஆடி. பையன் வாசலில் நின்று பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

என் தலை ஆடியை எழுதிவிடுகிறேன். எழுதினால் இறங்கும்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் தபால் வழியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். மாப்பிள்ளை பத்தாவது பெயில் என்று தரகர் முன்பே சொல்லிவிட்டார். பெண் கூடப் படித்திருந்தால் இடம் தட்டிப்போகும் என்று, சபையில் வைத்து என் அப்பா "பத்தாவது பாஸ்" என்று சொன்னார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் அல்லவா, அதில் ஒன்று. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்து, "தண்ணி குடிச்சீங்களா, ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்று என்னைக் கேட்டார். சபையில் அத்தனை பேர் இருக்க, அவருக்கு மட்டும்தான் கேட்கத் தோன்றியது.

வைகாசியில் கல்யாணம். ஆடியில் அம்மா சாத்தூருக்கு அழைத்துப் போனாள். அந்த மாதத்தில்தான் மூன்றாம் வருஷப் பரீட்சை. புதுப்பெண்கள் எல்லாம் அம்மா வீட்டில் தூங்கித் தின்று உடம்பு தேறுகிற மாதத்தில், நான் அண்ணனோடு மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், மஞ்சள் மங்காத தாலிக்கயிற்றோடு பரீட்சை எழுதினேன். இவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்து, "என்ன, எளச்சுப் போயிட்ட?" என்றார்.

இரண்டாம் வகுப்பில் தேறினேன். பட்டம் சாத்தூருக்கு வந்தது, அங்கேயே இருக்கிறது.

சொல்லக்கூடாது என்று நினைத்ததில்லை. முதல் வருஷம் சொன்னால் அப்பா பொய்யராவார். ஐந்தாம் வருஷம் சொன்னால் நான் பொய்க்காரியாவேன். அதற்கப்புறம் சொல்ல என்ன அவசியம்? மாவு அரைக்கப் பட்டம் எதற்கு?

ஒரு லட்சம் ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஒரு பொய்க்கு இவ்வளவு கூலி யாருக்குக் கிடைக்கும்? எழுதியாயிற்று. உளுந்து ஊறிவிட்டிருக்கும்.

ஜூலை 30

சுபாவுக்குக் கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. இவர் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். தெருவுக்கெல்லாம் கேசரி செய்தேன், நெய் போதவில்லை.

ஆகஸ்ட் 2

தெருமுனையில் பிளெக்ஸ் வைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுபாவின் பள்ளிக்கூடப் படத்துக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். இன்னும் காலேஜ் வாசலையே மிதிக்கவில்லை, அதற்குள் தொப்பி.

"எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியே! வாழ்க! வளர்க!" என்று என் உயரத்துக்கு எழுத்து. கீழே, "இவண்: பாசமிகு அப்பா காளிராஜ் மற்றும் குட்டியானை நண்பர்கள்."

"எப்புடி?" என்றார்.

"நல்லாருக்கு" என்றேன்.

ஆகஸ்ட் 4

இரண்டு நாளாகப் பால் வாங்கப் பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன். தெருமுனையில் நாய்த் தொல்லை அதிகமாகிவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

எழுதத்தான் வேண்டும்.

காலையில் மூன்று பேரும் வங்கிக்குப் போனோம். மேனேஜர் ஒரு பெண். வெடுக்கென்று பேசினாலும் வேலை நடந்தது. கணினியைப் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னார்: "சார், வண்டிக் கடன்ல உங்க தவணை சில மாசம் தள்ளிப் போயிருக்கு. ஸ்கோர் கம்மி. அம்மாவ கூட்டு விண்ணப்பதாரரா போட்டுடலாம். மகளிர் குழுக் கடனெல்லாம் ஒரு தவணை தவறாம கட்டியிருக்காங்க."

இவர் முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் தலையாட்டினார்.

"பேரு?"

"சந்தனமாரி."

"தொழில்?"

"மாவு அரைச்சு விக்கிறேன்."

"படிப்பு?"

நான் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "பத்தாவதுன்னு போட்டுக்கங்க மேடம். ஆனா கையெழுத்தெல்லாம் நல்லாப் போடுவா."

சுபா லேசாகச் சிரித்தாள். மேனேஜர் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

"பி.ஏ., மேடம். வரலாறு" என்றேன்.

மேனேஜரின் விரல் நின்றது. இவர் சிரித்துக்கொண்டே, "வெளாட்டுக்குச் சொல்லுறா மேடம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வடிந்தது.

"நிஜமாவாம்மா? முடிச்சிருக்கீங்களா?"

"முடிச்சிருக்கேன். தபால்ல. செகண்ட் கிளாஸ்."

"அப்போ இந்த முதல் பட்டதாரி சர்டிபிகேட்?"

"அது தப்பு மேடம். திருப்பிக் குடுத்துர்றோம்."

மேனேஜர் திட்டவில்லை. சலுகை இல்லையென்றால் கடன் தொகை ஒரு லட்சம் கூடும், அதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டும், கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சேர்க்கைக்குப் பத்தொன்பதாம் தேதி கடைசி. சான்றிதழைத் திரும்ப ஒப்படைத்துவிட்டு, நடந்ததை என் கையால் ஒரு கடிதமாக எழுதிக் கொண்டுவரச் சொன்னார்.

ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். பயம்தான். மூன்றாம் வருஷத்தில் யாராவது மொட்டைக் கடிதம் போட்டு, வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டு என்றால் பிள்ளை நடுத்தெருவில் நிற்பாள். அதனால்தான் சொன்னேன். "கையெழுத்தெல்லாம் நல்லாப் போடுவா" என்று இவர் சொன்னதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

திரும்பி வரும்போது வண்டியின் முன்சீட்டில் மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். ஒருவர் தோள் ஒருவர்மேல் படாமல் உட்காரப் பார்த்தோம். குட்டியானையில் அது முடியாது.

வீட்டுக்குள் வந்ததும் சுபா வெடித்தாள். "ஒரு லட்சம்மா! எந் தலையில தூக்கி வச்சுட்ட! இத்தன வருசம் வாய மூடிக்கிட்டுத்தான இருந்த? இன்னும் பத்து நாள் மூடக்கூடாதா? சீட்டு போச்சுன்னா என்ன பண்ணுவ?"

அவள் கேட்டது நியாயம்.

இவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, நான் பெயிலுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்குக் கட்டிக்கிட்ட?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. இவர் தலையணையை எடுத்துக்கொண்டு வண்டியில் படுக்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 7

மூன்று தட்டையும் மூன்று நேரத்தில் கழுவினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இவர் காலையில் கடையிலேயே சாப்பிட்டுவிட்டார். மாவு விற்கிறவள் புருஷன் ஹோட்டலில் இட்லி தின்கிறான் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன். துக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று நன்றாகத் தூங்கினேன். ஜூன் மாதத்திலிருந்து இப்படித் தூங்கியதில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

"வண்டியில ஏறு" என்றார். ஐந்து நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கத் தாலுகா அலுவலகம் போனோம்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இவர் கேட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார். "வரலாறுன்னா, கட்டபொம்மன் எல்லாம் வருமா?"

"வரும்."

"பரிச்சையில கேட்டாய்ங்களா?"

"பத்து மார்க்குக்கு."

"எழுதுனியா?"

"நாலு பக்கம் எழுதுனேன்."

"அடேயப்பா" என்றார். ரயில் போயிற்று. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அன்னைக்குச் சபையில நீங்க ஒருத்தர்தான் நான் நிக்கிறதப் பாத்தீக. தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டீக. ஒங்களப் பிடிச்சிருந்துச்சு. அதுக்குத்தான் கட்டிக்கிட்டேன்."

கேட் திறந்து, பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கத்தும்வரை இவர் வண்டியை எடுக்கவில்லை.

அலுவலகத்தில் அதே கிராம நிர்வாக அலுவலர் இருந்தார். முகம் கடுத்துவிட்டது. "என்னம்மா, அன்னைக்கு நான் உங்களக் கேட்டேன்ல? இல்லன்னு சொன்னீங்களே? எனக்குத்தான மெமோ வரும்?"

இவர் முன்னால் வந்தார். "சார், அன்னைக்கு அவ வாயவே தொறக்கல. நாந்தேன் முந்திக்கிட்டு இல்லன்னு சொன்னேன். எனக்குப் போன வாரந்தேன் தெரியும். திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க."

அவர் இவரைத்தான் திட்டினார். இவர் கைகட்டி முழுக்க வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குச் சொல்லலாம் என்கிற ஆயிரம் பொய்யில் இது எத்தனையாவது என்று தெரியவில்லை. அப்பா சொன்னதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்து இளநீர் குடித்தோம். "செகண்ட் கிளாஸா?" என்றார். "புருசன் பெயிலு, பொண்டாட்டி செகண்ட் கிளாஸ். ரயில்வேயிலன்னா ஒரே பெட்டியில கூட ஏத்தமாட்டாய்ங்க."

ஆகஸ்ட் 12

வங்கிக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். சுபா கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தேன். எடுத்து வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள். மடித்து உறையில் போட்டு வைத்துவிட்டுப் போனாள்.

மேனேஜர் வாங்கிக்கொண்டார். "பாக்கலாம்மா" என்றார்.

ஆகஸ்ட் 16

பதில் இல்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். பி.ஏ. படித்தவள் செய்கிற வேலையா என்று யாராவது கேட்கலாம். தன் மகளின் சீட்டு என்றால் அவர்களுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மதியம் போன் வந்தது. முழுத் தொகைக்கும் கடன் கிடைத்துவிட்டது! நாளைக்குக் கடைசி நாள், இன்றே முதல் வருஷக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுகிறோம் என்றார் மேனேஜர். இவர் கிரைண்டர் ஓடுகிற சத்தத்துக்கு மேல் கத்தினார். நான் கிரைண்டரை நிறுத்தாமல் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் சுபா கடன் தாள்களோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாளுக்கு அப்புறம்.

"ம்மா, மொரட்டோரியம்னு போட்டிருக்கே, என்னது?"

"நீ படிச்சு முடிச்சு ஒரு வருசம் வரைக்கும் தவண கட்ட வேண்டாம். வட்டி மட்டும் ஓடிக்கிட்டிருக்கும். மாவுக் காசுல வட்டிய நான் மாசாமாசம் கட்டிடுறேன், அப்ப ஒனக்குப் பாரம் கொறையும்."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"மேனேஜரம்மாகிட்டக் கேட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். பட்டம் வாங்கினவர்களுக்கும் கேட்டால்தானே தெரியும்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "இ-சேவையில வச்சு ஒனக்குப் புரியாதுன்னு சொன்னேன்ல."

"சொன்ன."

"அப்ப நீ ஏன் ஒண்ணுமே சொல்லல?"

தாளை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவளுக்குத் தலை பின்னிவிட்டு வெகுநாளாயிற்று. உட்காரச் சொல்லிப் பின்னிவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சுபாவைக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நேற்றுக் காலையில் நடந்ததை எழுதிவிட்டுத்தான் இனி மாவைப் பார்க்க வேண்டும்.

பெட்டி, வாளி, தலையணை எல்லாவற்றையும் குட்டியானையில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினோம். பின்தெரு வழியாகப் போகலாம் என்றேன். நாய்கள் இருக்கும் என்றேன். இவர் காதில் போட்டுக்கொள்ளாமல் தெருமுனைக்குத் திருப்பி, பிளெக்ஸுக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தினார்.

"எறங்கு" என்றார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

"எறங்கும்மா" என்றாள் சுபா.

இறங்கினேன். நாலு வாரமாக நான் நிமிர்ந்து பார்க்காத பிளெக்ஸ். சுபா அங்கே தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். "முதல்" என்று இருந்த இடத்தில் வெள்ளை அட்டை ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதில் சுபாவின் குண்டு குண்டான கையெழுத்து. ஏணி வைத்து ஒட்டியது இவர் வேலையாகத்தான் இருக்கும், ஒரு பக்கம் கோணல்.

எங்கள் குடும்பத்தின் இரண்டாம் பட்டதாரியே! வாழ்க! வளர்க!

டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "என்ன காளிராஜு, அப்ப மொதப் பட்டதாரி யாரு?" என்று கேட்டார். இவர் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினார். நான் நடுரோட்டில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பஸ் தவறிவிட்டது. அடுத்த பஸ்ஸில் போனோம்.

நாளைக்குப் பால் வாங்க அந்த வழியாகவே போகலாம் என்று இருக்கிறேன். நாய்கள் ஒன்றும் செய்யாது.